கண்ணீரும் விசுவாசமும்

கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்து, துக்கம் விசாரிக்க ஊர் ஜனங்கள் திரண்டு வரும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழக்கூடாதம்மா, நாம் நம்பிக்கை உள்ளவர்கள் அல்லவா?" என்று யாராவது ஒருவர் சொல்லுவதை நான் சிறு பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிறேன். தன் மக்கள் அனைவரையும் ஒரே நாளில் இழந்த யோபு பக்தன் தரையில் விழுந்து பணிந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்ன வார்த்தையை எடுத்துக்காட்டாத துக்க வீடு எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஒன்றுகூட இருக்க முடியாது. சொல்லுகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனால் முதல் அதிகாரத்தில் அப்படிச் சொன்ன யோபுவே மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார் என்பதையும், கடைசி அதிகாரத்தில் கடவுளுடைய கோபம் மூளுவது அப்படிப் புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல, அவருக்குப் புத்தி சொல்ல வந்த சிநேகிதர்களின்மேல்தான் என்பதையும் இவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

வேதாகமம் அழுகையைக் கண்டு அஞ்சுவதில்லை. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமே. அவற்றுள் 88ஆம் சங்கீதம் துதியில் வந்து முடியாமல் இருளிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் அதற்கு ஆறுதலாக ஒரு வரியைச் சேர்க்கவேண்டும் என்று நினைக்கவுமில்லை. பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு வந்தபோது, மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகள் இருவரும் தனித்தனியே வந்து ஒரே குறையைத்தான் அவரிடம் சொன்னார்கள்: நீர் இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்பது. மார்த்தாளுக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளுக்கோ உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அழுததைக் கண்டு கலங்கி, கல்லறை எங்கே என்று கேட்டு, தாமும் அழுதார். இன்னும் சிறிது நேரத்தில் அந்த மனிதனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்பதை அறிந்திருந்தும் அவர் அழுதார் என்பது எனக்கு எப்போதும் வியப்பையும், துக்க நாட்களில் பெரும் தேறுதலையும் தருகிற காரியம்.

இதையெல்லாம் நான் வேதசாஸ்திரப் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்வதற்கில்லை. தேரிக்காட்டு ஓரத்தில் பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் கிராமத்தில், என் பெரியம்மாவின் வீட்டில், கண்ணால் கண்டு கற்றுக்கொண்டேன். பெரியம்மாவின் இளைய மகன் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஐப்பசி மாதத்தில், மழையில் நிரம்பிக் கிடந்த ஊர்க் குளத்தில் குளிக்கப் போனவன், வீட்டுக்குத் திரும்பவில்லை. அன்று பெரியம்மா அழுத அழுகையை, யார் என்ன வசனம் சொல்லியும் நிறுத்த முடியவில்லை. அடக்கம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருவார். எல்லாரும் எழுந்து பாடும்போது அவரும் எழுந்து, பாமாலைப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு, வாய் திறவாமல் நிற்பார். எங்கள் சபையிலேயே நல்ல சாரீரம் அவருக்குத்தான். அந்த மௌனத்தைப் பார்த்துச் சிலர், அவருடைய விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப் பேசினவர்கள் அவர் வீட்டு இராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்து, வீட்டார் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைய அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டு போவது அந்த வீட்டு வழக்கம். பெரியப்பா தொடங்குவார், அடுத்தது மூத்தவன், அதற்கடுத்தது இளையவன், அவனுக்கு அடுத்து பெரியம்மா. அவன் போன பிறகு முதல் தடவை அந்த வட்டம் கூடியபோது, மூத்தவன் தன் வசனத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியம்மா அடுத்த வசனத்தை வாசித்தார். சற்று நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதற்கும் அடுத்ததை வாசித்தார். முதலாவது அவனுடையது, இரண்டாவது தன்னுடையது. விடுமுறை நாட்களில் அங்கே போய்த் தங்குகிற எனக்கு அந்த முறை நன்றாகத் தெரியும். இளையவனுடைய வசனத்தை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆலயத்தில் பாட முடியாத அந்தத் தாய், மகனுக்குரிய பங்கைத் தேவனுக்கு முன்பாக ஓர் இராத்திரிகூட விட்டுவைத்ததில்லை. உலையில் அரிசி போடுமுன் சபைக்கென்று ஒரு பிடி எடுத்து ஒதுக்குகிற பிடியரிசிக் காணிக்கையும் அந்த வீட்டில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை; யாருக்குமே சோறு இறங்காத அந்த நாட்களிலும் கலயத்தில் அரிசி விழுந்துகொண்டுதான் இருந்தது.

விசுவாசம் என்பது துக்கத்தை உணராதபடி ஆத்துமாவுக்குப் போடுகிற கவசம் என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் என் மனம் அதற்கு இசைவதில்லை. நான் கண்ட தாய்மாரிடத்தில் அது துக்கத்தின் பாரத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பாரத்தோடு எழுந்து அன்றைய வேலையைச் செய்ய அவர்களுக்குப் பெலன் கொடுத்தது என்று மாத்திரம் சொல்லுவேன். இதற்குப் பெரியம்மாவோடு கூட எனக்குச் சாட்சியாக நிற்கிற இன்னொருவர், சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அப்பால் கொல்லிமலையின்மேல் அடக்கம் பண்ணப்பட்டிருக்கும் எவலின் பிராண்ட் அம்மையார்.

லண்டன் மாநகரில் செல்வம் மிகுந்த ஒரு குடும்பத்தில் 1879ஆம் ஆண்டு பிறந்து, சித்திரம் எழுதக் கற்று, பட்டாடை உடுத்தி வளர்ந்த இப்பெண்மணி, மிஷன் ஊழியத்துக்கென்று தமிழ்நாட்டுக்கு வந்து, 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, அவரோடு கொல்லிமலைக்கு ஏறினார். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை போகிற அந்த மலைக்கு, அன்று ஒற்றையடிப் பாதையில் நடந்தோ டோலியில் உட்கார்ந்தோதான் போகவேண்டும். வல்வில் ஓரியின் பெயரால் சங்க இலக்கியத்தில் புகழ்பெற்ற மலைதான். என்றாலும் மலேரியாவுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் தங்கப் பயந்த மலை. ஜெஸ்ஸி கட்டட வேலை அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றியும் ஓரளவு படித்து வந்தவர். மக்களுடைய காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துபோகாமல், பொறுமையாக வெளியே எடுப்பார். காலை நனைத்து இறங்கி அள்ளுகிற தண்ணீரைக் குடிப்பதனாலேயே அந்த நோய் பரவுகிறது என்பதால், கல்லால் சுற்றுச்சுவர் எழுப்பிய கிணறுகளை வெட்டிக் கொடுத்தார். 1918-19இல் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தபோது, கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். அதுவரை அவர்களுக்கு எதிராக இருந்த பூசாரி ஒருவர் அந்தக் காய்ச்சலில் இறக்கும் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

பால், கானி என்னும் அவர்களுடைய பிள்ளைகள் இருவரையும் 1923இல் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அக்காலத்து மிஷனரிக் குடும்பங்களின் வழக்கம் அது என்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்தப் பிரிவை முழு மனதோடு ஒப்புக்கொள்ள என்னால் இன்றும் முடியவில்லை. மலையிலிருந்து தகப்பனாருடைய கடிதங்கள் மாத்திரம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு வருஷங்கள் இப்படிக் கழிந்தபின், 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மலேரியா முற்றி உண்டாகும் பிளாக்வாட்டர் ஜுரத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையிலேயே இறந்தார். அவருக்கு வயது 44. செய்தி தந்தியில் போய்விட்டது. கடிதங்களோ கப்பலில் போகிறவை. ஆகையால், பதினைந்து வயதுகூட நிரம்பாத பையனுக்குத் தகப்பன் இறந்துவிட்டார் என்பது தெரிந்த பிறகும், அந்தத் தகப்பன் கையால் எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

கணவரை மலையின் மண்ணில் வைத்துவிட்டு இங்கிலாந்துக்குப் போன எவலின் அம்மையாரைக் கண்ட காட்சியைப் பற்றி, பின்னாளில் பெரிய வைத்தியராக விளங்கிய பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். தாம் ஞாபகத்தில் வைத்திருந்த உயர்ந்த, அழகிய, உற்சாகம் நிறைந்த தாயை எதிர்பார்த்து நின்றவருக்கு முன்னால், காலத்துக்கு முன்பே நரைத்து, கூனி, தளர்ந்த ஒரு சிறிய மூதாட்டி வந்து நின்றார். இவர்தானா நம் அம்மா என்று மகன் திகைத்துப் போனார். பக்தர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இது. நானோ இங்கே வெகுநேரம் நிற்க விரும்புகிறேன். எவலின் அம்மையாரின் விசுவாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் துக்கம் அவருடைய முதுகை வளைத்தது; தலைமயிரை வெளுக்கப்பண்ணியது. மகனுக்கு முன்பாகச் சிரித்த முகத்தைப் பூசிக்கொண்டு வந்து நிற்க அவர் முயலவில்லை. அந்தத் தளர்ந்த சரீரத்தோடேயே, உறவினர் தடுத்தும் கேளாமல், அவர் திரும்பவும் இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

கொல்லிமலையிலேயே நிலைத்திருந்து ஊழியம் செய்ய அவரை அனுப்பிய மிஷன் சங்கம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. பல வருஷங்கள் சமவெளியில் வைத்தது. எழுபதை நெருங்கிய வயதில் ஓய்வு கொடுத்து அனுப்ப முனைந்தபோது, அம்மையார் ஓய்வை ஏற்றுக்கொண்டார், ஊர் திரும்பவில்லை. தாமும் கணவரும் இளமையில் ஜெபித்துத் திட்டமிட்ட வேலை, கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய ஐந்து மலைத்தொடர்களையும் தழுவியது. அதைச் செய்து முடிக்கத் தாம் மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் ஏறினார். இடுப்பெலும்பு முறிந்த பின்பும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் குதிரையின்மேல் உட்கார்ந்தும் குக்கிராமங்களைச் சுற்றி வந்தார். கணவர் தொடங்கிவைத்த கிணற்று வேலையையும் நரம்புச் சிலந்திக்கு எதிரான பிரயாசத்தையும் அவரே தொடர்ந்தார். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த மகன் மலைக்கு வந்து, இனியாவது எங்களோடு வந்து இரும் என்று மன்றாடியும் பயனில்லை. வாழ்நாளின் கடைசி இருபது வருஷங்கள் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்றும், சுருக்கம் விழுந்த அந்த முகத்தின் அழகு வேறெந்த முகத்திலும் தாம் காணாதது என்றும் பால் எழுதியிருக்கிறார். 1974இல், தமது 95ஆம் வயதில் அம்மையார் காலமானார். அவருடைய விருப்பத்தின்படியே பெட்டியின்றி, ஒரு பருத்தித் துணியில் சுற்றி, ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கணவர் இறந்ததற்குக் காரணம் இன்னதென்று அம்மையார் கண்டுபிடித்தார் என்றோ, தேவசித்தத்தின் இரகசியம் அவருக்கு விளங்கிற்று என்றோ நான் எங்கும் படித்ததில்லை. பெரியம்மாவுக்கும் அது விளங்கவில்லை. காலம் வெகுவாகச் சென்ற பின் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவருடைய குரல் மெதுவாகத் திரும்பிவந்தது; அப்போதுங்கூட, மகனை ஏன் எடுத்துக்கொண்டீர் என்ற கேள்வியை அவர் கைவிட்டதாக நான் எண்ணவில்லை. கேட்கவேண்டியவரிடத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

எவலின் அம்மையாரின் கதையை ஒரு விடுமுறையில் நான் பெரியம்மாவுக்குச் சொன்னேன். தியாகம் என்றும் வைராக்கியம் என்றும் நான் விவரித்த இடங்களையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், தந்திக்குப் பின் வந்த கடிதங்களைப் பற்றிச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் புள்ள அதைப் பிரிச்சானாய்யா?"

பிரித்துப் படித்ததாகவும், கடைசியாக வந்ததில் மலையின் அழகையும் மரங்களையும் பற்றித் தகப்பனார் ஆனந்தமாக எழுதியிருந்ததாகவும் சொன்னேன். பெரியம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"வயசான காலத்துல அந்தம்மா ஒத்தையில மலைக்குத் திரும்பிப் போனாகளே, கூட இருந்து பாக்க ஆளு உண்டுமா?"

"மலைச் சனங்கதான் பெரியம்மா. அவங்களோடதான் கடைசி வரைக்கும் இருந்தாங்க."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்.