தண்ணியிலேயே தண்ணி மாதிரி ஒன்று

"தண்ணி மாதிரி இருக்கு." லைட் லாகர் பீரைப் பற்றி அமெரிக்காவில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் விமர்சனம் இதுதான். (தமிழில் இதையே சொன்னால் திட்டா பாராட்டா என்று குழப்பம் வரும் :-)) ஆனால் இப்படிக் கிண்டலடித்த அதே நாட்டில்தான் 2001 தொடங்கி 2023 வரைக்கும் விற்பனையில் முதலிடம் பட் லைட்டுக்கு. வாய் ஒன்று சொல்கிறது, பர்ஸ் வேறு ஒன்று சொல்கிறது.

இந்தச் சரக்கின் கதை சுவாரசியமானது. 1967-ல் நியூயார்க்கின் ரைன்கோல்ட் கம்பெனி, ஜோசப் ஓவாடஸ் என்ற உயிர்வேதியியல்காரர் கண்டுபிடித்த முறையில் "டயட் பீர்" ஒன்றை இறக்கியது. சாதாரண பீரில் ஈஸ்ட் சாப்பிட முடியாத மாவுச்சத்து கொஞ்சம் மிஞ்சும். ஓவாடஸ் ஒரு என்சைமைச் சேர்த்து அதையும் சர்க்கரையாக உடைத்து ஈஸ்ட்டுக்கே கொடுத்துவிட்டார். கலோரி குறைந்தது, கனமும் குறைந்தது, பீர் மட்டும் விற்கவில்லை. டயட் பீர் என்று சொன்னால் எந்த ஆம்பளை வாங்குவான்! 1975-ல் மில்லர் லைட் நாடு முழுக்க வந்து, விளையாட்டு வீரர்களை வைத்து விளம்பரம் போட்டபிறகுதான் அது பெரிய வியாபாரம் ஆனது. 355 மில்லிக்கு 96 கலோரி. சாதாரண பீர் ஏறக்குறைய 150.

கிராஃப்ட் கம்பெனிகள், அதாவது சின்ன அளவில் பார்த்துப் பார்த்துக் காய்ச்சுகிறவர்கள், கிளம்பியதே இந்தத் தண்ணி பீருக்கு எதிராகத்தான். கசப்பு, மணம், கறுப்பு நிறம், எல்லாம் தூக்கல். அவர்களே 2010-களில் திரும்பி வந்து மலிவு லாகர் போட ஆரம்பித்தார்கள். மிச்சிகனில் இருக்கும் ஃபவுண்டர்ஸ் 2018-ல் கொண்டுவந்த சாலிட் கோல்ட் ஒரு உதாரணம். 4.4 சதவீதம் ஆல்கஹால். பெயரில் லைட் கிடையாது, ஆனால் வலை வீசியது அதே ஆட்களுக்குத்தான்.

சரி, இப்படி ஒன்றை ருசித்து எப்படி மதிப்பெண் போடுவது? பிஜேசிபி என்று ஒரு அமைப்பு பீர் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது (ஆமாம், அதற்கும் பரீட்சைதான்!). அவர்கள் தாளில் மொத்தம் 50 மார்க். வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, மொத்த அபிப்பிராயம் 10. விலைக்கு என்று ஒரு கட்டமே கிடையாது. அமெரிக்கன் லைட் லாகருக்கு அவர்கள் எதிர்பார்ப்பது வெளிறிய வைக்கோல் நிறம், 4.2 சதவீதத்துக்கு மேல் போகாத ஆல்கஹால், பேருக்கு ஒரு கசப்பு. ஏதாவது ஒரு சுவை தூக்கலாக இருந்தால் மார்க் குறையும். இருப்பதற்கு மார்க் இல்லை, இல்லாமல் இருப்பதற்கு மார்க்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரியாணியில் அரிசி கொஞ்சம் குழைந்தால் மசாலா காப்பாற்றிவிடும். வெறும் சோறு குழைந்தால் எதை வைத்து மறைப்பது? லைட் லாகர் வெறும் சோறு. தப்பு எதுவானாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதுமட்டுமில்லை, அந்தத் தப்புகளில் பாதிக்கு மேல் செலவைக் குறைத்த இடத்தையே காட்டிக்கொடுக்கும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது ஒரு விருந்து.

ஏல் வகை பீர் அறை வெப்பத்தில் புளித்து இரண்டு வாரத்தில் தயாராகிவிடும். லாகருக்குக் குளிர் வேண்டும். 10 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் மெதுவாகப் புளித்து, பிறகு உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே வாரக்கணக்கில் சும்மா கிடக்க வேண்டும். ஐந்து வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டேங்க்கில் வருஷத்துக்கு 26 முறை ஏல் எடுக்கிற இடத்தில் லாகர் 10 முறைதான் வரும். அதே டேங்க், அதே கடன், அதே வட்டி. மலிவாகவும் விற்க வேண்டும் என்றால் சின்ன முதலாளியின் கை எங்கே போகும்? நாளைக் குறைக்கத்தான்.

குறைத்தால் நாக்கு கண்டுபிடிக்கும். புளிக்கும்போது ஈஸ்ட் விடுகிற ஒரு பொருள் டையசெட்டைலாக மாறும். தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாசனை. கடைசியில் இரண்டு மூன்று நாள் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டால் வெண்ணெய் அப்படியே தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அசிடால்டிஹைட், அதுவும் பெரும்பாலும் அவசரத்தின் பிள்ளை. வேகவைத்த சோள வாசனை என்றால் கொதிக்க வைத்தது போதவில்லை, எரிபொருளில் மிச்சம் பிடித்திருக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் கேனுக்குள் காற்று புகுந்திருக்கிறது, அல்லது சரக்கு பழசு. நல்ல அடைக்கும் இயந்திரம் விலை ஜாஸ்தி. இந்த இடத்தில் பெரிய கம்பெனிகளைப் பாராட்டியே ஆக வேண்டும். அவர்கள் பீரில் ருசி இல்லை என்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், இந்த அழுக்கெல்லாம் அதில் சுலபத்தில் கிடைக்காது.

அதனால்தான் "இந்த விலைக்கு இது பரவாயில்லை" என்ற தீர்ப்பு சரியில்லை. விலை குறைவு என்பதற்காக வெண்ணெய் வாசனையை மன்னித்தால், முதலாளி மிச்சம் பிடித்த பத்து நாளை வாங்குகிறவன் தலையில் கட்டியதாக ஆகிவிடும். குறைவான கசப்பையும் மெல்லிய கனத்தையும் மன்னிக்கத் தேவையே இல்லை, அது அந்தச் சாதியின் இலக்கணம். தப்பை மட்டும் தப்பு என்று எழுத வேண்டும், விலையைப் பக்கத்து காலத்தில் போட வேண்டும்.

லேபிளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1964-ல் அலிசன், ஊல் என்ற இரண்டு பேர் செய்த ஆராய்ச்சி மார்க்கெட்டிங் வகுப்புகளில் இன்றும் பிரபலம். லேபிள் கிழித்த பாட்டில்களைக் கொடுத்தபோது, வழக்கமாகக் குடிப்பவர்களுக்கே தங்கள் பிராண்ட் எது என்று தெரியவில்லை. லேபிளோடு கொடுத்ததும் அவரவர் பிராண்டுக்கு மார்க் எகிறியது! "கிராஃப்ட்" என்ற வார்த்தையும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அமெரிக்க பிரூவர்ஸ் அசோசியேஷன் விதிப்படி, கிராஃப்ட் அல்லாத மது கம்பெனியிடம் 25 சதவீதப் பங்கு போனால் கிராஃப்ட் பட்டம் போய்விடும். ஃபவுண்டர்ஸ் 30 சதவீதத்தை 2014-ல் ஸ்பெயினின் மாவு சான் மிகேலுக்கு விற்றது, 2019-ல் அது 90 ஆனது. ஆக, சாலிட் கோல்ட் பிறந்தபோதே அந்தக் கணக்கில் கிராஃப்ட் இல்லை. பார்லியோ ஈஸ்ட்டோ பங்குப் பத்திரம் படிப்பதில்லை.

யாராவது உண்மையிலேயே சோதித்துப் பார்க்க நினைத்தால் (வயதும் சட்டமும் இடம் கொடுத்தால்) வழி சுலபம். ஒரே மாதிரி மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு பீர். குடிக்காத ஒருவர் மறைவாக ஊற்ற வேண்டும். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்துப்போகும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிஷம் விட வேண்டும். வேறு எது என்று குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும், ஆகவே ஒரு சுற்று போதாது, ஐந்தாறு சுற்று வேண்டும். வாசனை பற்றி எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. கேனைக் காட்டுவது அதற்குப் பிறகு. பில் எல்லாவற்றுக்கும் கடைசியில்.