குடவோலை மண்ணில் ஓர் அழைப்போலை

உத்திரமேரூரில் குடியிருப்போர்க்கென ஒரு தனிக்கடமை உண்டு. வெளியூரிலிருந்து எவர் விருந்தினராக வரினும், அவரை வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று, மண்டபச் சுவரில் உள்ள கல்வெட்டைக் காட்டி, குடவோலை முறையை விளக்கியாக வேண்டும். குடியிருப்பவர் தமிழாசிரியராகவும் அமைந்துவிட்டால் தப்புவதற்கு வழியே இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளின் செய்தியை நாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவருக்கு வழக்கம்போல் விளக்கிக்கொண்டிருந்தோம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக்கல்வியும் உடையவராய், 35 அகவைக்கு மேல் 70 அகவைக்கு உட்பட்டவரின் பெயர்களை மட்டுமே ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சூது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். (நம்மைப் போன்றோரின் பெயர் அக்குடத்திற்குள் சென்றிருக்க வாய்ப்பில்லை என்பதையும் நாம் சொல்லத் தவறுவதில்லை.) அப்போது உடன் வந்திருந்த நம் மகன், பதினொன்றாம் வகுப்பு மாணவன், மெல்லிய குரலில், "அத்தா, அப்படியென்றால் இதுவும் இன்விடேஷனல்தானே? தகுதி முதலில், குலுக்கல் பிறகு" என்றான். நண்பர் சிரித்தார். நமக்கு அச்சொல்லே விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையசைத்து வைத்தோம்.

அச்சொல்லின் பின்னே இருந்த செய்தியை ஒரு மாதம் கழித்தே அறிந்தோம். அறிந்த விதம் நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

போகிமான் என்னும் வீடியோ விளையாட்டை நம் மாணவச் செல்வங்கள் அறிவர். பெரியோர்கள் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் கேம்பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்தது இது. இதனை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டவர். அவ்வார்வமே விளையாட்டாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்பனை விலங்குகள் இதில் உண்டு. அவை நீர், நெருப்பு, புல், மின்சாரம் என 18 வகைப்படும். நீர் நெருப்பை வெல்லும்; நெருப்பு புல்லை வெல்லும்; புல் நீரை வெல்லும். நம் ஐந்திணைக்குக் கருப்பொருள் வகுத்தவர்கள் கண்டிருந்தால் நூற்பா இயற்றியிருப்பர் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

போட்டியாளர் ஒவ்வொருவரும் ஆறு விலங்குகளைக் கொண்டு வருவர். எதிரியின் ஆறினையும் ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டுத் தம்முள் நான்கினைத் தெரிவு செய்வர். களத்தில் ஒரு நேரத்தில் இருவர்க்கும் இரண்டிரண்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க 45 நொடிகளே உண்டு. இருவரும் தத்தம் கட்டளையை மறைவாக இட்ட பின்னரே இரண்டும் ஒருசேர நிகழும். எனவே எதிரி என்ன எண்ணுவான் என்று எண்ணுவதே ஆட்டத்தின் உயிர். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். இதற்கென உலகப் போட்டி 2009 முதல் நடைபெறுகிறது. பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைபெறவில்லை. 2023இல் யோக்கஹாமாவிலும் 2024இல் ஹொனலுலுவிலும் நடந்தது. பணம் கட்டிப் பெயர் கொடுத்து எவரும் அதில் நுழைய இயலாது. ஆண்டு முழுதும் போட்டிகளில் புள்ளிகள் ஈட்டி, அழைப்புப் பெற்றவர்க்கே அங்கு இடம். மகன் சொன்ன 'இன்விடேஷனல்' என்பது இதுவே.

இவை யாவும் இன்று அறிந்தவை. அன்று நாம் அறிந்ததெல்லாம், பையன் பழைய மடிக்கணினியின் முன் அமர்ந்து பொம்மைகளைச் சண்டையிட வைக்கிறான் என்பது மட்டுமே. அக்கருவிகளை விலை கொடுத்து வாங்கும் வசதி நமக்கில்லை. இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் 'ஷோடவுன்' என்னும் ஒப்புருவில்தான் ஆடினான். 2001இல் சவூதி அரேபியாவில் இவ்விளையாட்டைச் சூதுக்கு ஒப்பானதென்று கூறித் தடை செய்தனர் என்ற செய்தியை ஜமாஅத் பெரியவர் ஒருவர் நமக்கு நினைவூட்டினார். பணயம் எதுவும் வைத்து ஆடுகிறானா என்று நாம் மகனைக் கேட்டோம். இல்லை என்றான். விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டோம். வேறென்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

இதிலே வியப்பு யாதெனில், வகுப்பறையில் நாம் சேவற்போரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். குப்பைமேட்டில் விலக்கி விடுவாரின்றிப் போரிடும் கோழியை உவமை காட்டியமையால் குறுந்தொகைப் புலவர் ஒருவர் குப்பைக் கோழியார் எனப் பெயர் பெற்றதையும், விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் போரில் பட்ட கோழிக்கு நடுகல் நாட்டியிருப்பதையும் சுவைபடச் சொல்லுவோம். மாணவர்கள் மகிழ்வர். வீட்டிற்கு வந்து, "என்ன இது, கோழிச் சண்டை போல!" என்று மகனைக் கடிந்துகொள்வோம்.

நம் இல்லத்தில் ஒரு விதி உண்டு. இரவு பத்து மணிக்கு இணைய மோடம் அணைக்கப்படும். விதியை இயற்றியவரும் நிறைவேற்றுபவரும் நாமே. ஒரு சனிக்கிழமை இஷா தொழுகை முடித்து வந்து, விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். மணி பத்து அடித்தது. எழுந்து அணைத்தோம். சற்றுப் பொறுத்து மகன் அறையிலிருந்து வெளியே வந்தான். மோடத்தில் விளக்கு எரியாததைப் பார்த்தான். நம்மைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் தாயார் சொன்னார். ஆட்டக்காரர்கள் தமக்குள் நடத்தும் ஓர் அழைப்புப் போட்டி அது. முந்தைய சுற்றுகளின் புள்ளிகளைக் கொண்டு 16 பேரை மட்டும் அழைத்திருந்தார்கள். நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. அப்பதினாறு பேரில் உத்திரமேரூர்ப் பையன் ஒருவன். அழைப்பு வந்து பதினைந்து நாட்கள் ஆகியிருந்தன. முதல் ஆட்டம் தோற்று, இரண்டாவது வென்று, மூன்றாவதில் முன்னணியில் நின்ற வேளையில் இணைப்பு அறுந்தது. அவனுக்குரிய நேரம் ஓடித் தீர்ந்தது. தோல்வி எனப் பதிவாயிற்று.

"நம்மிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?" என்றோம்.

"உங்களிடம் சொல்ல அவனுக்குப் பயம்" என்றார்.

அந்தக் காலை தேநீர் இறங்கவில்லை. கல்வெட்டில் ஒரு பகுதி உண்டு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவருடைய மகன், தந்தை, மாமன், மருமகன் என நீளும் உறவினரின் பெயரும் இடப்படலாகாது. தந்தையின் பிழைக்கு மகன் விலக்கப்படுவதா என்று விருந்தினர் கேட்டால், "அக்கால நியாயம் அது" என்று எளிதாய் விடை சொல்லிவந்தோம்.

அன்று மாலை மகனருகில் சென்று அமர்ந்தோம். எதிர்த்து ஆடியவன் மலேசியச் சிறுவன். 'மின்சாரம் போய்விட்டதா? நீ நின்ற நிலையில் எனக்கு இந்த வெற்றி வேண்டாம். மூன்றாம் ஆட்டத்தை மீண்டும் ஆடுவோம்' என்று எழுதியிருந்தான். 'ஆம், மின்தடை' என்று நம் மகன் பதில் எழுதியிருந்தான். நம்மைக் காட்டிக்கொடுக்காதிருக்க எழுதிய பொய் அது என்பதை உணரச் சிறிது நேரம் பிடித்தது.

உண்மையை எழுதச் சொன்னோம். "எழுதினால் மறு ஆட்டம் இல்லாமல் போகலாம், அத்தா. மின்தடை வேறு, வீட்டில் அணைப்பது வேறு" என்றான். விதியைப் படித்தவன் அவன், நாமோ அறியாதவர்கள். ஆயினும் வற்புறுத்தினோம். நமது பிழைக்கு அவன் ஒருமுறை விலை கொடுத்தாயிற்று. நமது நேர்மைக்கும் அவனே கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இன்றும் அதற்கு நம்மிடம் துணிவான விடை இல்லை. அவன் எழுதினான். போட்டி நடத்துவோர் முடிவை எதிராளியிடம் விட்டனர். அவன், 'என் தந்தையும் அப்படித்தான்' என்று ஒரு சிரிப்பை இட்டு, ஆடுவோம் என்றான்.

மறு ஆட்டத்திற்கு முன்னிரவு, நம்மைத் தயார் செய்வதுபோல் மகன் ஒரு காட்சியைக் காட்டினான். 2014ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டி. கொரிய நாட்டுப் பார்க் செ ஜுன், வலிமை மிக்க விலங்குகளுக்கிடையே பச்சிரிசு என்னும் சிறிய மின் அணிலைக் களமிறக்கினார். அதுவரை எவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லை. எதிரியின் அடிகளைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதே அதன் வேலை. அது அடி வாங்க, அருகில் நின்ற துணை தப்பியது. அவரே அவ்வாண்டின் வெற்றியாளர். அணை கட்ட மணல் சுமந்த அணிலைப் பற்றி நாம் ஏதோ சொல்லத் தொடங்கினோம். "அத்தா, இப்போது வகுப்பு வேண்டாம்" என்றான், நிறுத்திக்கொண்டோம்.

மறு ஆட்டத்தின்போது பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தோம். பேசக்கூடாது என்பது கட்டளை. கடைசி முறையில் இருவர்க்கும் ஒவ்வொரு விலங்கே எஞ்சியது. மகனுடையதே விரைவு மிக்கது. அது இட்ட அடி பட்டால் வெற்றி. பத்துக்கு ஒன்பது முறை படும் அடி அது. படவில்லை. எதிரியின் அடி பட்டது.

நாம் நம்மையறியாமல் மேசையைத் தட்டிவிட்டோம். அவன் 'நன்று ஆடினாய்' என்று எதிராளிக்கு எழுதிவிட்டுத் திரும்பினான். "பத்தில் ஒன்று, அத்தா. அதுவும் குடத்துக்குள் இருக்கிற ஓலைதான்" என்றான்.

மோடத்தின் மேல் இப்போது ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் மாதத்தின் தேதிகள் அவன் கையெழுத்தில் உள்ளன. பருவத்தேர்வு நாட்கள் நீல மையில், ஆட்ட நாட்கள் சிவப்பு மையில். வரும் சனிக்கிழமையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் 'பதினொன்றரை வரை' என்று எழுதி, நம் ஒப்பத்திற்கு இடம் விட்டிருக்கிறான்.