வளையமும் கனவும்

இயந்திரவியல் பயின்றவன் நான். மோட்டார் சைக்கிள் நிறுவனம் கண்ட சோய்சிரோ ஹோண்டாவின் வாழ்வைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அவருடைய வெற்றிகளில் தங்குவதில்லை. ஒரு சிறு வளையத்திலேயே தங்குகிறது.

பிஸ்டன் வளையம் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால், எரிந்த வாயு கசியாமல் தடுப்பதும், உருளைச் சுவரில் மிகுந்த எண்ணெயை வழிப்பதும், பிஸ்டனின் வெப்பத்தைக் கடத்துவதும் அதன் பணிகள். அது தேய்ந்தால் எஞ்சின் ஆற்றல் இழக்கும், புகை கக்கும்.

1906ஆம் ஆண்டு, ஜப்பானின் ஹமமாட்சு நகருக்கு அருகில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஹோண்டா. 15 வயதில் டோக்கியோ சென்று, வாகனம் பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் கற்றார். ஏறத்தாழ 30 வயதில் பிஸ்டன் வளையம் செய்ய முனைந்தபோது, கைத்திறன் மட்டும் போதவில்லை. உலோகவியல் அறிய வேண்டித் தொழில்நுட்பப் பள்ளியில் மாணவராய் அமர்ந்தார். வளையம் உருவாயிற்று. எனினும், டொயோட்டா நிறுவனத்தின் தரச் சோதனையில் 50 வளையங்களுள் மூன்றே தேறின. அவர் சோர்ந்துவிடவில்லை. பல்கலைக்கழகங்களையும் எஃகு ஆலைகளையும் நாடிச் சென்று, உற்பத்தி முறையைக் கற்றுத் திரும்பினார். பின்னர் அதே நிறுவனம் அவருடைய வளையங்களை ஏற்றது.

நான் பணியில் சேர்ந்த புதிதில், கழிக்கப்பட்ட உதிரிப்பாகங்களையே முதலில் பார்க்கச் சொல்வார் எங்கள் மூத்த மேற்பார்வையாளர். "நல்லது பேசாது தம்பி, கெட்டதுதான் காரணம் சொல்லும்" என்பார். தேறாத அந்த 47 வளையங்களும் ஹோண்டாவிடம் அவ்வாறுதான் பேசியிருக்கும்.

போரும் நிலநடுக்கமும் அவருடைய தொழிற்கூடங்களைச் சிதைத்தன. எஞ்சியதை விற்றுவிட்டு, 1946இல் மீண்டும் தொடங்கினார். போருக்குப்பின் மக்கள் போக்குவரத்துக்கு அல்லலுற்ற காலம் அது. இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்துவந்த சிறு எஞ்சின்களை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். 1948இல் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு, சட்டகம் முதல் எஞ்சின் வரை தாமே வடிவமைத்த மோட்டார் சைக்கிளை வெளியிட்டனர். அதன் பெயர் 'ட்ரீம்'; கனவு என்பது பொருள். அவ்வாண்டே இணைந்த தக்கேயோ ஃபுஜிசாவா நிதியையும் விற்பனையையும் ஏற்றுக்கொள்ள, ஹோண்டாவின் கவனம் முழுவதும் எஞ்சினில் நிலைத்தது.

மாணவர்களே, குறைந்த மதிப்பெண் பெற்ற விடைத்தாளை மடித்து மறைக்கத் தோன்றும் வயது உங்களுடையது. மறைக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். எந்த இடத்தில் பிழைத்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆசிரியர் வேறு எவரும் இலர்.