மூன்றாவது செட்

போன சித்திரை வெயிலில் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் வில்லியனூர், பாகூர் பக்கம் சேரி சேரியாக நடந்தோம். பைக்குள் கைக்குட்டை அளவுக்கு வெட்டிய துணித் துண்டுகள். கதர், கைத்தறிப் பருத்தி, மில் பருத்தி, டெரிகாட், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த நூலில் நெய்த பாலியஸ்டர். தூய்மைப் பணியாளர்களுக்குப் புதுச் சீருடை வரப்போகிறது, இந்தத் தடவை 'பசுமைத் துணி'யாகப் பார்க்கிறார்கள் என்று ஒப்பந்த நிறுவனத்து மேஸ்திரி ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாம் போய்க் கேட்போம் என்று கிளம்பினோம். (எந்த நிறுவனம், எந்தத் தெரு என்பதை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு வேலைக்கு வராதே என்று யாரிடம் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.)

கேட்கப் போனோம் என்பது பாதி உண்மைதான். என்ன பதில் வரவேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருந்தோம். பருத்திதான் உடம்புக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. அதிலும் மருந்தடிக்காத பருத்தி, கைத்தறி. இதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து மனு எழுதிவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

முதல் வீட்டிலேயே கணக்கு தப்பியது. கதர்த் துண்டை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: "இது நனைஞ்சா எப்போ தம்பி காயும்?"

அவரிடம் இருப்பது இரண்டு செட். புடவைக்கு மேலே போடுகிற கோட்டு. ஒன்று உடம்பில் இருந்தால் இன்னொன்று கொடியில். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் கிடப்பது காயாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனால் அக்குளிலும் மார்புக்குக் கீழேயும் படை வருகிறது. போடாமல் போனால் யூனிபார்ம் இல்லை என்று அன்றைய கூலியில் கைவைக்கிறார்கள். "டெரிகாட்டு சுருக்கா காஞ்சிடுது. ஆனா வெயில் காலத்துல அதப் போட்டா உடம்பே வெந்து போவுது" என்றார். மார்கழியில் ஒரு துணி, சித்திரையில் ஒரு துணி என்று யோசிக்க எங்கள் ஐந்து பேருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் சொன்னதற்குப் பின்னால் நூலின் குணம் இருக்கிறது. ஒரு நூல் காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதற்கு நெசவுத் துறையில் ஓர் அளவு உண்டு. பருத்திக்கு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4 சதவீதம். பாலியஸ்டர் வியர்வையைக் குடிக்காது. அதனாலேயே சட்டென்று காய்கிறது, அதனாலேயே தோலோடு ஒட்டிக்கொண்டு வேகவும் வைக்கிறது. சீருடைக்கென்று கடையில் விற்கிற டெரிகாட்டில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர்தான். கடலோர ஊரின் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் தள்ளிப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

பாட்டில் துணிக்கு வருவோம். 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வார நிகழ்ச்சியில், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கும் சிலிண்டர் போடுகிறவர்களுக்கும் பழைய பாட்டிலிலிருந்து செய்த சீருடையைப் பிரதமர் அறிமுகப்படுத்தினார். ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 28 பாட்டில்கள் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே வகைத் துணியில் தைத்த நீல நிற மேல்சட்டையோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார். அந்தச் சட்டைத் துணி கரூரில் தயாரானது. எல்லாப் பத்திரிகையும் எழுதின. அந்த 28 பாட்டில்களைக் குனிந்து எடுத்தவர் யார் என்று எழுதிய பத்திரிகையை நாங்கள் பார்க்கவில்லை.

குரும்பாப்பேட் குப்பைக் கிடங்குப் பக்கம் போய் நின்றால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பாட்டிலைப் பிரிப்பதும் சேரி, மிதிப்பதும் சேரி, எடைக்குப் போடுவதும் சேரி. நாங்கள் கொண்டுபோன துண்டைத் தடவிப் பார்த்த இன்னொரு அக்கா, "நாங்க பொறுக்கிப் போட்டத எங்களுக்கே சட்டையா தைச்சுக் குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் துணியை அப்படியே தள்ளிவிடச் சொல்லவில்லை. ஏசி அறையில் உட்காருகிறவர்களுக்கு, மழைக்கோட்டுக்கு, வண்டியின் தார்ப்பாய்க்கு அது நல்ல துணியாகவே இருக்கலாம். ஆனால் பாட்டிலிலிருந்து வந்தாலும் அது பாலியஸ்டர்தான். வெயிலில் அதே வேக்காடு. துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிரும். அடி பம்பு ஓரம் கல்லில் அடித்துத் துவைக்கிற தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் சங்கராபரணிக்குப் போகும், சங்கராபரணி கடலுக்குப் போகும். பாட்டிலாக இருந்தபோதாவது கையால் பொறுக்கி எடுக்க முடிந்தது.

சரி, அப்படியானால் பருத்திதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். பருத்திக்குப் பின்னாலும் ஒரு பாதை இருக்கிறது, அதிலும் நம் பெண்கள்தான் நிற்கிறார்கள். திருப்பூர் சாயக்கழிவில் நொய்யல் செத்தது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருடம் விடுதியில் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி நூற்பாலைகள் வேலை வாங்கிய சின்னப் பெண்களில் பெரும்பகுதி தலித் பெண்கள் என்பதை ஆய்வு மேல் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள். மருந்தடிக்காத பஞ்சுக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அந்தப் பஞ்சை நூற்ற பெண் எப்படி வைக்கப்பட்டிருந்தாள் என்பதை அந்தச் சான்றிதழ் எந்த அளவுக்குத் துருவிப் பார்க்கும்?

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண், அவருடைய மேற்பார்வையாளராலேயே கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் துணி வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்பது அதுதான். மாணவத் தோழர்கள் அதை வாங்கிப் படிக்கவேண்டும். 'நல்ல துணி எது' என்கிற கேள்விக்கு அதில் இருக்கிற பதில், எந்தப் பசுமை முத்திரையிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அவுரி நீலம் தோய்த்த 'கினே' துணி இங்கிருந்து கப்பலேறிச் செனகலுக்குப் போய், அங்கே பிசின் வியாபாரத்தில் பணம் மாதிரியே புழங்கியது. பிறகு வந்தவை சவானா, ரோடியர், கெப்ளே என்று நம் பாட்டன்கள் பேர் சொன்ன மில்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அந்த ரத்தத்தில்தான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. ரோடியர் பின்னாளில் ஏஎஃப்டி ஆனது, 2020 ஏப்ரல் 30இல் ஒரேயடியாக மூடப்பட்டது. சொந்தமாக மில் வைத்திருந்த அரசாங்கம், பத்து கிலோமீட்டர் தூரத்தில் கூட்டுகிற பெண்களுக்குத் துணியை இன்று வெளியில் இருந்து வாங்கவேண்டியிருக்கிறது. பாகூரில் ஒரு பெரியவர், மில்லில் அரை ஆள் கணக்கில் வேலைக்குப் போனவர், எங்கள் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இழை எண்ணினார். கடைக்காரர் கைத்தறி என்று கொடுத்த துண்டு கைத்தறியே இல்லை என்று அவர்தான் சொன்னார்.

துணியைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே வேறொன்று மேலே வந்தது. இந்தச் சீருடை உண்மையில் வேண்டுமா?

எங்களில் ஒருவர் வேண்டாம் என்கிற கட்சி. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடம் பேசிய பாபாசாகேப், தீண்டப்படாதவள் என்று அடையாளம் காட்டுகிற உடையையும் நகையையும் விட்டுவிடச் சொன்னார். மூன்றே வருடத்தில், 1930 டிசம்பரில், இராமநாதபுரத்து ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள்: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, தங்கம் வெள்ளி கூடாது. உடையால் சாதியைக் காட்டவைத்த ஊரில், வேலையே சாதியாக இருக்கிற ஒரு வேலைக்குத் தனி நிறத்தில் கோட்டு மாட்டிவிடுவது வேறு என்ன என்பது அந்தத் தோழரின் கேள்வி.

அக்காக்கள் அதை மறுக்கவில்லை. மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துத் தெரு வந்தால் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொள்கிறவர் இருக்கிறார். டீக்கடையில் கோட்டோடு நின்றால் டம்ளர் பேப்பர் கப்பாக மாறிவிடுகிறது என்றார் ஒருவர். ஆனாலும் சீருடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விடிவதற்கு முன் மெயின் ரோட்டில் கூட்டும்போது லாரிக்காரன் கண்ணில் படவேண்டும். அதைவிடப் பெரிய காரணத்தை ஒருவர் உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். சாயம் போன பழைய கோட்டு, முன்பு இருந்த ஒப்பந்தக்காரரின் பெயரோடு. சம்பளச் சீட்டு கிடையாது, அடையாள அட்டை கிடையாது. இத்தனை வருடம் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அவரிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கோட்டுதான். பெட்டியில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்.

சீருடை வேண்டாம் கட்சித் தோழர் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

வில்லியனூர்த் தேருக்கு கவர்னர் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். இன்றும் படம் போடுவார்கள். அன்றைக்கும் மறுநாளும் தெருவில் கிடக்கிற தண்ணீர் பாக்கெட்டையும் அன்னதான இலையையும் அள்ளுகிறவர்கள் அந்த இரண்டே செட்டோடுதான் அள்ளுகிறார்கள். இலைக் குழம்பு வடிந்த கோட்டோடு வீட்டுக்கு வந்து, அதே கோட்டோடு குழந்தையைத் தூக்குகிறார்கள். கழற்றி மாற்ற ஓர் அறை இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் எல்லாம் தரவேண்டும் என்றன. எத்தனை செட், எங்கே துவைப்பது, சோப்புக் காசு யாருடையது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே நாங்கள் எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துப்போட்டு, பாகூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து அக்காக்கள் சொல்லச் சொல்ல வேறொன்று எழுதினோம். முதல் கோரிக்கை மூன்றாவது செட். வெயில் காலத்துக்கு மெல்லிய பருத்தி, மழைக் காலத்துக்குச் சீக்கிரம் காய்கிற கலப்புத் துணி, மழைக்கோட்டு தனி. கோட்டில் போன் வைக்கிற அளவுக்கு உள்பாக்கெட். எல்லாருக்கும் ஒரே அளவு என்று கொடுக்காமல் அளவெடுத்துத் தைக்கவேண்டும், தைக்கிற வேலை உள்ளூர்ப் பெண்கள் குழுவுக்கு வரவேண்டும். முதுகில் பெரிய எழுத்து வேண்டாம். நெஞ்சில் சின்னதாகப் பெயர், பணியில் சேர்ந்த வருடம். அந்த வருடம் எதற்கு என்று எங்களுக்கு முதலில் புரியவில்லை. பழைய கோட்டை மடித்து வைத்திருந்த அக்காவுக்குப் புரிந்திருந்தது. கடைசியில், மாற்றிக்கொள்ளவும் துவைக்கவும் தண்ணீரோடு ஓர் அறை. 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்கிற சொல்லை மனுவில் சேர்க்கவேண்டுமா என்று கேட்டோம். "சேத்துக்கோ, அப்பதான படிப்பாங்க" என்றார்கள். சேர்த்தோம்.

மனுவை யாரிடம் கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 வருடம் கழித்து 2006இல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். நம் தெருவிலிருந்து ஜெயித்துப் போன ஒரு முகமும் அந்த மேசைக்குப் பின்னால் இல்லை. மேசையில் இருந்த எழுத்தர் மனுவை மேலாகப் புரட்டிவிட்டு, எந்தத் துணி என்று முடிவு செய்துவிட்டீர்களா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். பின்னால் நின்றிருந்த அக்காவை முன்னே வரச்சொன்னோம். அவர் பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எழுத்தர் அதைத் தொடவில்லை. மனுவுக்கு ரசீது மட்டும் கொடுத்தார். அந்த ரசீது இப்போது அக்கா வீட்டில், அந்தப் பழைய கோட்டுக்குள் இருக்கிறது.