விட வேண்டிய கணக்கு

2023 செப்டம்பர் 10, ஞாயிறு

தங்கை மகள் பொறியியல் மேற்படிப்புக்கான ‘கேட்’ பரீட்சைக்கு மறுபடியும் விண்ணப்பம் போட்டுவிட்டாள். சென்ற மார்ச்சில் வந்த முடிவைப் பார்த்து, அவள் தோற்றுவிட்டதாகவே உறவினர் சிலர் பேசிக்கொண்டார்கள், அது சரியல்ல. தகுதி மதிப்பெண்ணை அவள் தாண்டியிருந்தாள். ஆனால், தகுதி மதிப்பெண்ணைத் தொட்டவருக்கு 350 என்றும், அவ்வருஷம் முன்வரிசையில் நின்ற வெகு சிலரின் சராசரியைத் தொட்டவருக்கு 900 என்றும் இரண்டு முளைகளை அடித்து, இடையே கயிற்றைக் கட்டி மற்றவர்களையெல்லாம் அளந்து நிறுத்துகிற இந்த ஏற்பாட்டில், நானூற்றுச் சொச்சத்தில் நிற்கிறவருக்கு மரியாதை உண்டே தவிர இடம் கிடைப்பது துர்லபம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் இதே ஸ்கோரைக் கொண்டு பொறியாளர்களை எடுக்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்றான என்.டி.பி.சி.யின் கூட்டு மின் நிலையம் இதோ வல்லூரில்தான் இருக்கிறது என்பதும் அவள் அம்மாவுக்கு மனப்பாடம். பகலெல்லாம் சாத்தாங்காடு இரும்புச் சந்தைப் பக்கம் ஒரு பட்டறையில் கணினியில் வரைபடம் போட்டுவிட்டு, மாலையில் எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூருக்கு, என் வீட்டுக்கு வந்து படிப்பதென்று ஏற்பாடு. எண்ணூர் அனல் மின் நிலையத்திலேயே உத்தியோக காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவனாகையால், நான் எதற்காவது உபயோகப்படுவேன் என்று தங்கைக்கு ஒரு நம்பிக்கை.

செப்டம்பர் 24, ஞாயிறு

பரீட்சை முடிந்தபின், அவரவர் குறித்த விடைகளையும் சரியான விடைகளையும் கணினியிலிருந்து இறக்கிக்கொள்ள வசதி செய்திருக்கிறார்கள். நல்ல காரியம், எங்கள் காலத்தில் விடைத்தாள் போன இடம் பரமசிவனுக்கே தெரியாது. அந்தத் தாள்களை இன்று இருவரும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள். பொது அறிவுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13, மீதி 72 இயந்திரவியலுக்கு. நாலு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கேள்வி தவறினால், அதற்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறவனுக்கு நாலில் ஒரு தடவை ஒன்று வருகிறது. மூன்று தடவை மூன்றில் ஒன்று போகிறது. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆனால், நாலில் ஒன்றை மட்டும் ‘இது நிச்சயமாக இல்லை’ என்று தள்ளத் தெரிந்தவனுக்குச் சராசரியில் ஒன்பதில் ஒரு பங்கு லாபம் நிற்கிறது. இந்த விதியை வகுத்தவர் யாராயினும் விவேகி. விடையை எண்ணாகவே பதிவுசெய்யவேண்டிய கேள்விகளிலும், சரியான விடைகள் ஒன்றுக்கு மேலும் இருக்கலாம் என்று 2021 முதல் சேர்த்திருக்கும் கேள்விகளிலும் கழிவே கிடையாது. அவற்றை வெறுமையாக விட்டு வருவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவளோ கழிவில்லாத அந்தக் கேள்விகளில்தான் அதிகமாக வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் கேட்டேன்.

“அதுங்கள பாக்கவே டைம் இல்ல மாமா. ஒரு கணக்க தொட்டுட்டா வுட மனசு வரல. வந்துடும், வந்துடும்னு போட்டுட்டே இருந்தேன்.”

இது அவளுடைய தனிக் குணமாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் குழந்தைகளைப் பரீட்சைக்கு அனுப்பும்போது, ‘எதையும் விடாமல் எழுதிவிட்டு வா’ என்றுதானே ஆசீர்வாதம் செய்து அனுப்புகிறோம்? பதினாறு பதினேழு வருஷம் அப்படி ஆசீர்வதிக்கப்பட்டவளை, விடத் தெரிந்தவர்களுக்காக ஏற்பட்ட ஒரு பரீட்சையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அவள் என்ன செய்வாள்?

அக்டோபர் 15, ஞாயிறு

இன்று ராங்கின் சக்கரம். கொதிகலன், டர்பைன், கண்டென்சர், பம்பு என்று நாலு பெட்டிகளைப் போட்டு, நீராவி அவற்றைச் சுற்றிவரும் வழியை வரைந்து, எத்தனை பங்கு உஷ்ணம் வேலையாக மாறுகிறது என்று காண்கிற கணக்கு. இந்த நாலு பெட்டிகளுக்குள்ளேதான் என் யௌவனம் கழிந்தது. 450 மெகாவாட் திறனுள்ள எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச் 31-ஆம் தேதி மூடினார்கள். அன்று நான் உத்தியோகத்தில் இல்லையென்றாலும், அந்தப் புகைபோக்கியில் புகை நின்றதைப் பார்க்க மனம் ஒப்பாமல், சில நாள் மாடிக்கே போகாமல் இருந்தேன்.

ஆகவே கணக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கண்டென்சரில் வெற்றிடம் எதற்கு, உப்பு நீர் ஓடுகிற குழாய்களில் சிப்பியும் பாசியும் அடைத்துக்கொண்டால் வெற்றிடம் எப்படிக் குறைகிறது, குறைந்தால் டர்பைன் எப்படித் திணறுகிறது, நள்ளிரவில் அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்ய இறங்குகிறவனின் கைகள் காலையில் எந்த ஸ்திதியில் இருக்கும் என்றெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா, கொஸ்டின்ல சிப்பி இல்ல” என்றாள்.

வாஸ்தவம். கேள்வியில் கண்டென்சரின் அழுத்தம் ஒரு எண், அவ்வளவுதான். நீராவி அட்டவணைப் புத்தகத்தைக்கூட உள்ளே கொண்டுபோக வேண்டாமாம். தேவையான எண்களைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

நவம்பர் 19, ஞாயிறு

உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தெருவில் ஒரு பிராணி இல்லை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் மாதிரித் தேர்வு எழுதினாள். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை; திரையில் தோன்றும் கால்குலேட்டரை எலியால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டவேண்டும், விசைப்பலகை வேலை செய்யாது. 273.15 என்று போடுவதற்குள் எனக்கு விரல் கூசுகிறது. அவளுக்கு அது இப்போது பழகிவிட்டது. எந்தக் கணக்கில் தட்டல் அதிகமோ அதைப் பார்த்தவுடன் முகத்தைச் சுளிக்கிறாள். நல்ல லக்ஷணம் என்று எண்ணிக்கொண்டேன். ஆட்டத்தில் ஆஸ்திரேலியா ஜெயித்தது. இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

மிக்ஜாம் புயல் கடந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. எர்ணாவூரில் தங்கை வீட்டுக்குள் புகுந்தது வெறும் மழை வெள்ளம் அல்ல. கறுப்பு எண்ணெய் மிதந்த வெள்ளம். நீர் வடிந்தபின்னும், அது நின்ற மட்டத்தைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு காட்டிக்கொண்டிருக்கிறது. எந்தச் சோப்புக்கும் அது அசைவதாக இல்லை. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் மீனவர்களே படகுகளில் போய் எண்ணெயை வழித்து எடுக்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் விசாரணைக்கு எடுத்திருக்கிறது. இறாலும் நண்டும் எப்போது திரும்பும் என்று எந்தத் தீர்ப்பாயம் சொல்லும்?

அவளுடைய சூத்திர நோட்டுப் புத்தகம் கட்டிலுக்கடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, டீசல் வாடை அடித்துக்கொண்டு, பிரித்தால் மேல்தாளின் எழுத்து அடித்தாளில் தலைகீழாகப் பதிந்திருந்தது. இரண்டு வருஷத்து எழுத்து. நான் ஆறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். அவளோ கடைக்குப் போய் நாற்பது பக்கத்துச் சின்ன நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். “பெரிய நோட்டாக வாங்கக் கூடாதோ?” என்றேன். “இதுல புடிக்கிற அளவு போதும் மாமா” என்றாள். தங்கையும் அவளும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

டிசம்பர் 27, புதன்

நேற்று நள்ளிரவு, பெரியகுப்பம் கரையருகே ஒரு உரத் தொழிற்சாலையின் அமோனியாக் குழாயில் கசிவு. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்; மூச்சுத் திணறிப் பலர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

மாலையில் அவள் அமோனியாவைப் பற்றிக் கேட்டாள். குளிர்பதனப் பாடத்தில் அது வருகிறது: சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியில் கொதித்து ஆவியாகும் பொருள், ஆகையால் கப்பலிலிருந்து திரவமாக இறக்க வேண்டுமானால், அது வரும் குழாயை முன்கூட்டியே குளிர்வித்து வைத்திருக்க வேண்டும். சொல்லி முடித்தேன். இந்தத் தடவை ‘கொஸ்டின்ல இல்ல’ என்று அவள் சொல்லவில்லை. அந்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது, குளிர்ந்தால் இரும்பு எவ்வளவு சுருங்கும், கசிவைக் கரையிலிருந்து எப்படி அறிவார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். பரீட்சைக்கு உதவாத சம்பாஷணை. பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

2024 ஜனவரி 21, ஞாயிறு

அனுமதிச் சீட்டு வந்து சில நாட்களாகின்றன. இவ்வருஷம் பரீட்சையை நடத்துகிறவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார். தேர்வு மையம் நகரத்தின் மறுகோடியில் விழுந்திருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் பாதி வழி நிம்மதி, மீதி வழி ஆட்டோ என்று தங்கை திட்டம் வகுத்திருக்கிறாள். கண்டெய்னர் லாரிகளுக்குள் சிக்கிக்கொள்ளாமல் போக வேறு மார்க்கமும் இல்லை.

இன்றைய மாதிரித் தேர்வை நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பேசக் கூடாது என்பது நிபந்தனை. முதலில் பொது அறிவுத்திறன், பிறகு ஒரு மதிப்பெண் கேள்விகள், பிறகுதான் பெரியவை. நடுவில் ஒரு நீராவிக் கணக்கு வந்தது: மீள்சூடேற்றத்தோடு கூடிய ராங்கின் சக்கரம், அருமையான கணக்கு, எண்ணூரில் நாங்கள் மூச்சு விட்டதே அதில்தான். அவள் அதை ஒரு தரம் படித்தாள், மறுபார்வைக்கு வைத்துக்கொள்ளும் அடையாளத்தைப் போட்டாள், அடுத்ததற்குப் போய்விட்டாள். நேரம் முடியும் வரை திரும்பி வரவேயில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நிபந்தனையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

முடிந்ததும் கேட்டேன்: “நீராவிக் கணக்கை விட்டுட்டியே அம்மா?”

“அது ஆறு நிமிஷம் கேக்கும் மாமா. ரெண்டு மார்க்குக்கு அவ்ளோ குடுக்க முடியாது. அந்த நேரத்துல வேற மூணு போட்டேன்.”

அவள் காப்பி குடிக்கப் போன சமயத்தில் ஒரு காகிதத்தை எடுத்து அந்தக் கணக்கை நான் போட்டேன். வெகு நாளாயிற்று ஒரு கணக்கோடு அப்படி உட்கார்ந்து. எந்தப் படியையும் தாண்டாமல், பம்பின் வேலையைக்கூடத் தள்ளிவிடாமல், நிதானமாகப் போட்டு முடித்தபோது அவள் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“எவ்ளோ நேரம் ஆச்சு மாமா?”

விடை சரியாகத்தான் வந்திருக்கிறது என்று சொன்னேன்.