அத்தா சமைத்த ஷக்ஷூகா



ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டப்பட்டுவிடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு அவை கடலுக்குச் செல்லத் தடை. 2017க்கு முன்னர் இது 45 நாட்களாக இருந்தது. நாட்டுப்படகுகளில் வரும் மீன் கிடைக்கும். ஆனால், அதன் விலையைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்துவிடுவோம். அந்நாட்களில் எங்கள் வீடுகளில் முட்டைக்குத்தான் முதல் மரியாதை. முட்டைக் குழம்பு, பொரியல், அவித்த முட்டை, ஆம்லெட் என்று நான்கு நாட்கள் ஓடும். ஐந்தாம் நாள் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாளில்தான் என் கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஜித்தாவில் 22 ஆண்டுகள் உழைத்துவிட்டு அவர் ஊர் திரும்பி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இரண்டு மாத விடுப்பில் வந்து சென்றவர். விருந்தாளியைக் கவனிப்பது போலவே அவரைக் கவனித்துப் பழகிய வீடு இது. நிரந்தரமாக வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. பிள்ளைகள் அவரிடம் அளந்து அளந்துதான் பேசினார்கள். ஏதேனும் வேண்டுமென்றால், "அம்மா, அத்தாவிடம் நீங்களே சொல்லுங்கள்" என்று என் காதைக் கடிப்பார்கள். அவர் எதையும் வெளியில் சொல்லவில்லை. காலையில் படகுத்துறைப் பக்கம் போனால் லுஹர் தொழுதுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

"இன்று ஷக்ஷூகா செய்து பாரேன்" என்றார் அன்று. ஏதோ மருந்தின் பெயர் என்றே நான் நினைத்தேன். தக்காளியில் முட்டையை உடைத்து ஊற்றிச் செய்வது என்று விளக்கினார். இவ்வளவுதானே என்று முழுவதும் கேளாமலேயே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். கை பழகிய வழியில் புளியைக் கரைத்து ஊற்றினேன், கறிமசாலாவையும் தூவினேன். நீர்த்துக் கொதித்த குழம்பில் நான்கு முட்டைகளை உடைத்து ஊற்றியதும் வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்து எங்கோ மறைந்துவிட்டது. "இது குழம்பா, ஆம்லெட்டா?" என்று இளையவன் கேட்டான். என் கணவர் தட்டில் வைத்ததை மிச்சமின்றி உண்டுவிட்டு எழுந்தார். முகம் மட்டும் வாடியிருந்தது.

மறுநாள் காலையில் அவரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய், "மச்சான், நீங்கள் போய் உட்காருங்கள். யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்?" என்றேன்.

"ஜித்தாவில் யார் பார்த்தார்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் நறுக்குவதைத் தொடர்ந்தார்.

அவர் செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். வாயகன்ற சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய் காய்ந்ததும் இரண்டு பெரிய வெங்காயம், ஒரு குடைமிளகாய், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி வதக்க வேண்டும். ஒரு சிறு கரண்டி சீரகத்தூள், அரைக் கரண்டி மிளகாய்த்தூள், தேவையான உப்பு சேர்த்து, நன்கு பழுத்த தக்காளி அரைக் கிலோவை நறுக்கிப் போட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, புளியும் தேவையில்லை. தக்காளி கரைந்து, பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை பொறுமை வேண்டும். கால் மணி நேரம் ஆகலாம். பிறகு கரண்டியின் முதுகால் நான்கு குழிகள் செய்து, முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, குழியில் மெல்லச் சரிக்க வேண்டும். மூடி போட்டு, இளந்தீயில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் வெள்ளைக்கரு இறுகி, மஞ்சள்கரு இளகி நிற்கும். கிளறக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், முதியோருக்கும், சிறு குழந்தைகளுக்கும் மஞ்சள்கருவும் நன்றாக இறுகும்வரை வேகவைத்துக் கொடுங்கள். என் மாமிக்கு அப்படித்தான் தந்தோம். இறுதியில் கொத்தமல்லித்தழை தூவி, ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

சட்டியைச் சுற்றி அமர்ந்தோம். "யார் அத்தா உங்களுக்குக் கற்றுக் கொடுத்தது?" என்று மகள் நேராக அவரிடமே கேட்டாள். அவர் பேசத் தொடங்கினார். ஒரே அறையில் தங்கியிருந்த துனீசியா நாட்டுக்காரர் கற்றுக் கொடுத்தாராம். துனீசியா, லிபியா, அல்ஜீரியா நாடுகளில் இது வீட்டுக்கு வீடு உள்ள உணவு. பெயருக்குக் கலவை என்று பொருள் சொல்வார்களாம். துருக்கியில் இதைப் போன்றே மெனெமென் என்று ஒன்று உண்டு. ஆனால் தக்காளியும் மிளகாயும் அரபு நாட்டுப் பொருட்களும் அல்ல, நம்முடையவையும் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. பிழைக்கப் போன இடத்தில் வேர்விட்ட பயிர்கள்!

"அடிக்கடி செய்வீர்களா அத்தா?" என்றான் இளையவன்.

"ஊருக்குப் பணம் அனுப்பிய வாரமெல்லாம் இதுதான். முட்டையும் தக்காளியும்தான் மலிவு" என்றார் சிரித்தபடி.

சகோதரிகளே, என் கையில் இருந்த ரொட்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் பணம் அனுப்பிய வாரங்களில்தான் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வாங்குவோம். வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேன்" என்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று 22 ஆண்டுகளில் ஒருமுறை கூட நான் கேட்டதில்லை.

அன்று முதல் வெள்ளிக்கிழமைக் காலை அடுப்படி அவருடையது. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதை என் வீட்டில் கண்ணால் காண இத்தனை காலம் ஆயிற்று. வெங்காயம் உரிப்பது மகள், தக்காளி நறுக்குவது இளையவன். இப்போது பிள்ளைகள் என் காதைக் கடிப்பதில்லை. அத்தாவிடம் கேட்க வேண்டியதை அத்தாவிடமே கேட்கிறார்கள்.

மூத்தவனுக்கு இவ்வாண்டு துபாய்க்கு விசா வந்திருக்கிறது. ஊறுகாயும் கருவாடும் கட்டித் தருவதற்கு முன், அவனை அடுப்படியில் நிறுத்திச் சமைக்கப் பழக்கி வருகிறோம். நீங்களும் உங்கள் ஆண்மக்களைப் பழக்குங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் அடுத்த முறை பேசும்போது, சாப்பிட்டீர்களா என்பதோடு நிறுத்திவிடாமல், என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், பொறுத்திருந்து கேளுங்கள்.