தண்ணீருக்கு மேலே ஒரு முழம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்

"மாப்ள, மலருக்கு இதுவரைக்கும் முப்பத்தாறு கவிதை வந்திருக்கு, அத்தனையும் காதல் தோல்வி. நீயாவது உருப்படியா ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று நம் சங்கச் செயலாளர் கேன்டீனில் என் டீயைப் பறித்து வைத்துக்கொண்டு மிரட்டியதன் விளைவு இந்தக் கட்டுரை. எனக்குத் தெரிந்தது போர்டு ஒன்றுதான். போர்டு என்றதும் நமக்கெல்லாம் போர்டு எக்ஸாம்தான் ஞாபகத்துக்கு வரும், வயிறு கலங்கும். பயப்பட வேண்டாம் நண்பர்களே! இது கடலில் ஓடுகிற போர்டு. நான் வீட்டுக் கொல்லையில் செய்தது.

விங் ஃபாயிலிங் என்று ஒரு விளையாட்டு. ஒரு பலகை. அதன் அடியில் ஒரு கம்பம், கம்பத்தின் முனையில் சின்ன விமானம் மாதிரி முன்னிறகு, பின்னிறகு, இதுதான் ஃபாயில். கையில் காற்றடைத்த ஒரு பெரிய இறக்கை. அது பலகையோடு கட்டப்பட்டிருக்காது, நாமே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்று இறக்கையைத் தள்ள, பலகை வேகம் பிடிக்க, தண்ணீருக்குள் இருக்கும் ஃபாயில் நம்மைத் தூக்கிவிடும். பலகை தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே போய்விடும். பார்க்கிறவனுக்கு ஆள் அந்தரத்தில் போவது போலத் தெரியும்.

ஃபாயில் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. இத்தாலியில் ஃபோர்லானினி என்பவர் 1906லேயே ஏரியில் ஃபாயில் படகு ஓட்டியிருக்கிறார். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லும் அவர் கூட்டாளிகளும் கட்டிய ஃபாயில் படகு 1919ல் மணிக்கு 114 கி.மீ. வேகம் போனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காற்றுப் பலகை, கைட் இரண்டு போட்டிகளுமே ஃபாயிலில்தான் நடந்தன. கையில் இறக்கை பிடிக்கும் நம் சமாச்சாரம் மட்டும் பரவிச் சில வருஷங்கள்தான் ஆகின்றன.

"இந்த வெள்ளைக்காரன் விளையாட்டுக்கும் உனக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன். எங்கள் ஊர் மண்டபம் பக்கம். ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வைகாசியிலிருந்து கச்சான் அடிக்கும். அப்போது தென்கடல் குமுறும், வடகடல் தாம்பாளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை. அப்போது அப்படியே தலைகீழ். ஆக, காற்றும் இருக்கிறது, அலையில்லாத தண்ணீரும் ஏதாவது ஒரு பக்கம் இருக்கிறது. உலகத்தில் இந்த இரண்டையும் தேடித்தான் ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள். நமக்கு வாசலில் கிடக்கிறது!

எங்கள் தாத்தா வத்தையில் பாய் கட்டித் தொழில் பார்த்தவர். காற்று அழுத்தும்போது படகு சாயாமல் இருக்க, காற்று வரும் பக்கம் ஒரு பலகையை வெளியே நீட்டி அதன்மேல் ஆள் ஏறி நிற்பார்களாம். காற்று கூடக் கூட ஆள் இன்னும் வெளியே நகர வேண்டும். பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். விங் ஃபாயிலிங்கில் நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான், ஒரே ஆளாகச் செய்கிறேன், அவ்வளவே.

ஊருக்குப் பக்கத்தில் கைட் சர்ஃபிங் கற்றுத் தரும் முகாம் ஒன்று இருக்கிறது. முதலாம் ஆண்டு லீவில் அங்கே கூலி வேலைக்குப் போனேன். இறக்கைக்குக் காற்றடிப்பது, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது, ஓட்டை அடைப்பது. ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை, சைக்கிள் கடையில் டியூபை முக்கிக் குமிழி பார்ப்பதேதான். மாலையில் காற்று மிச்சமிருந்தால் பழைய சாமானை எடுத்துக்கொள்ள விட்டார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக ஒரு முழு செட் வாங்க வேண்டுமானால் லட்சங்கள் வேண்டும். நம் வீட்டில் லட்சம் என்ற சொல் அப்பாவின் படகு எஞ்சின் கடனைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் வரும்.

இனி கொஞ்சம் கணக்கு. (கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், இன்டர்னல் மார்க் குறையாது.) ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஒரு சூத்திரத்தை நெட்டுருப் போட்டோமே, ஞாபகமிருக்கிறதா? தூக்குவிசை என்பது அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், பரப்பு, தூக்குக் குணகம் இவற்றின் பெருக்கல். என் எடை 54 கிலோ. பலகை, ஃபாயில், இறக்கை சேர்த்து 70 என்று வையுங்கள். முன்னிறகின் பரப்பு 1800 சதுர செ.மீ. குணகம் 0.5 என்று எடுத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 14 கி.மீ. வேகத்தில் அது என்னைத் தூக்கிவிட வேண்டும். காலேஜுக்கு நேரமாகிவிட்டால் சைக்கிளை மிதிக்கிற வேகம்! கடல் தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் அடர்த்தி. அதனால்தான் கையில் 5 சதுர மீட்டர் துணி வேண்டியிருக்கும்போது, காலுக்கடியில் சாப்பாட்டுத் தட்டு இரண்டு மூன்று சேர்த்த அளவு போதுமாக இருக்கிறது. வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்கு. வேகம் ஏற ஏற முன்காலில் எடையைப் போட்டு ஃபாயிலை அடக்கவில்லையென்றால் அது தண்ணீரை விட்டு வெளியே வந்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

சாமான் தேர்வைப் பற்றி வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கம்பம் நீளமாக இருந்தால் நல்லது, 85, 90 செ.மீ. என்பார்கள். வடகடலில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான்; அடியில் கடல்புல் வேறு. கம்பம் நீளமானால் தரை தட்டும், புல் சிக்கும். ஆகவே 70 செ.மீ. அலுமினியக் கம்பம் எடுத்தேன், முகாமில் கழித்துப் போட்ட பழசு, ஃபாயிலோடு சேர்த்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். கார்பன் கம்பம் விறைப்பு, எடை குறைவு, வாஸ்தவம்தான். விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அலுமினியத்தில் ஒரு தொல்லை உண்டு. ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அதுவே ஒரு பேட்டரி. அலுமினியம் அரித்து போல்ட் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும். கெமிஸ்ட்ரி சார் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் கைதூக்குக!

பலகைதான் கிடைக்கவில்லை. செய்வது என்று முடிவு கட்டினேன். முகாமில் ஒரு பலகை நடுவில் முறிந்து கிடந்தது. அதை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். உள்ளே தெர்மோகோல், மேலே கண்ணாடித் துணி, கம்பம் மாட்டும் இடத்தில் மட்டும் கெட்டியான நுரைக்கட்டை. எந்தப் புத்தகத்தையும்விட அந்த உடைந்த பலகை எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

சித்தப்பா ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெல்லாம் ஃபைபர் படகு பெருகியது உங்களுக்குத் தெரியும். அப்போது தொழிலுக்குப் போனவர். "ரெசின் நான் தாரேன்டா, காசு எதுக்கு?" என்றார். படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது, தெர்மோகோலோ பாலிஸ்டைரீன், ஒன்று மற்றதைக் கரைக்கும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஒரு துண்டு தெர்மோகோலில் நாலு சொட்டு விட்டோம். சர்க்கரைப் பாகில் ஐஸ் போட்ட மாதிரிக் குழிந்து உள்ளே போய்விட்டது. சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருபது வருசமா இத கையில புடிச்சிருக்கேன், எனக்கு இது தெரியாதுடா" என்றார். அதன்பிறகு எபாக்சிதான் என்று முடிவாயிற்று. விலை அதிகம், வேறு வழியில்லை. ஆனால் துணியை எப்படி விரிப்பது, மடிப்பில்லாமல் ஓரத்தை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அவர் கைவேலை. எனக்கு அது இன்றுவரை அவர் அளவுக்கு வரவில்லை.

மதுரையிலிருந்து கூரைக்குப் போடும் தெர்மோகோல் பலகை வாங்கி வந்தோம், கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி. டி.வி. பெட்டியில் வருவது உதவாது, விரல் பட்டாலே குழியும். நீளம் 172, அகலம் 70, கனம் 13 செ.மீ. ஓரங்களை உருட்டிய பிறகு கொள்ளளவு நூறு லிட்டர் சுமார். கடல் தண்ணீரில் நூறு லிட்டர் 102 கிலோவைத் தாங்கும். என் சுமை 70. மிச்சம் முப்பது கிலோ மிதப்பு இருப்பதால் காற்று நின்றாலும் பலகைமேல் நிற்கலாம். எலக்ட்ரிகல் நண்பன் ஒருவன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து நைக்ரோம் கம்பியைச் சூடாக்கிக் கொடுத்தான். (யாரும் நேராக வீட்டு பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.) இரண்டு பக்கமும் பிளைவுட் அச்சு ஆணியடித்து, ஆளுக்கொரு முனையாகக் கம்பியை இழுத்தால் வெண்ணெய் மாதிரி அறுபடும். மிச்சம் உப்புத்தாள் வேலை. கொல்லை முழுக்க வெள்ளை மணி பறந்து, எங்கள் கோழிக்கே அடையாளம் தெரியவில்லை.

எபாக்சியைக் கண்ணளவில் கலக்க முடியாது, நிறுத்துத்தான் கலக்க வேண்டும். அம்மாவின் கருவாட்டுத் தராசு அதற்கு வந்தது. ஒரு தடவைக்கு இருநூறு கிராம்தான்; அதிகமாகக் கலந்தால் குவளையிலேயே சூடேறிப் புகையும். பூசும் நேரமும் முக்கியம். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழி கிளம்பும். வெயில் இறங்கும்போது பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். சார்லஸ் விதி! பாட்டியின் பழைய எக்ஸ்ரே ஷீட்டை வெட்டித்தான் ரெசினை இழுத்துவிட்டோம்.

கம்பம் மாட்டும் இடம்தான் உயிர்நாடி. 70 செ.மீ. கீழே பக்கவாட்டில் 30 கிலோ விசை பட்டால், 90 மி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு தண்டவாளங்களில் ஒன்றை அது 230 கிலோவுக்கு மேல் பிய்த்து இழுக்கும். தெர்மோகோல் தாங்குமா? உடைந்த பலகையிலிருந்த கட்டையையும் தண்டவாளத்தையும் அப்படியே பெயர்த்தெடுத்து, அடித்தோலிலிருந்து மேல்தோல் வரை எட்டும்படி வைத்துத் துணி சுற்றினோம். எல்லாம் முடிந்து எடை 7 கிலோ. செலவு 9,400 ரூபாய், முழுக்க முகாமில் சம்பாதித்தது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காசுக்காக அல்ல.

"கடல்ல கெடந்து சாகுறது என்னோட போகட்டும்னுதான் உன்னையப் படிக்க வச்சேன். நீ என்னடான்னா கைக்காசு போட்டுப் பலகை செஞ்சு கடலுக்குப் போறேங்கிற."

"இது தொழில் இல்லப்பா, வெளையாட்டு."

"கடலுக்கு அது தெரியுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா நாலாவது வரை படித்தவர். அக்காவை எட்டாவதோடு நிறுத்தினார்கள். நம் பாலிடெக்னிக்கில் எனக்கு இடம் கிடைத்த அன்று, அட்மிஷன் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர்வரை தூங்காமல் வந்தவர் அவர். கச்சானில் வடகடலில் இறங்குவது என்றால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது, சாமான் உடைந்தால் ஆளை உள்ளே கொண்டுபோகும். உள்ளே போனால் எல்லை. எல்லையில் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பயம் கற்பனை அல்ல. ஆகையால் முகாமின் மீட்புப் படகு தண்ணீரில் நிற்காத நாளில் இறங்குவதில்லை, லைஃப் ஜாக்கெட்டும் காலில் கயிறும் இல்லாமல் இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, தரையில் சாக்பீஸால் நான் வரைந்து வைத்திருந்த அச்சைக் கடந்து போனவர் நின்றார். "அணியத்த இன்னும் ரெண்டு விரக்கட தூக்கு. எறங்கறப்பத் தண்ணியில குத்தும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். தூக்கினேன். மேலேயிருந்து பலகை சட்டென்று தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் அந்த இரண்டு விரற்கடைதான் என்னைக் காப்பாற்றுகிறது.

போன ஆவணியில் ஒரு மாலை முதன்முதலாக அதில் இறங்கினேன். இடுப்பளவு வரும்வரை நடந்து, முழங்கால் போட்டு ஏறி, எழுந்து நின்று இறக்கையைத் திருப்பினேன். பலகை படபடவென்று அடித்துக்கொண்டு ஓடியது. திடீரென்று சத்தம் நின்றது. அதுதான் எனக்கு மறக்கவே முடியாதது நண்பர்களே, உயரம் அல்ல, அந்த அமைதி. கம்பம் தண்ணீரைக் கிழிக்கும் சன்னமான 'ஸ்ஸ்' மட்டும் காலுக்கடியில். கீழே கடல்புல் ஓடுவது தெரிந்தது. எண்பது மீட்டர் போயிருப்பேன், பிறகு தொப்பென்று விழுந்தேன். கரையில் சித்தப்பா விசில் அடித்தார். அன்று மட்டும் பதினோரு தடவை எழும்பினேன்.

இப்போது முகாமில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதே மாதிரி இரண்டு பலகை செய்து தரக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு இருபதாயிரம் தருவதாகப் பேச்சு. வருகிற பிப்ரவரியில் நம் காலேஜுக்கு ஹோசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வருகிறது, உங்களைப் போலவே நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஹோசூர்தான். சித்தப்பா பட்டறையில் ஒரு மூலையை ஒதுக்கித் தருகிறேன் என்கிறார். வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் அம்மா தராசை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். எனக்கு இரண்டும் வேண்டும் போலத்தான் இருக்கிறது, அது நடக்காது என்றும் தெரிகிறது. முதல் பலகைக்கான தெர்மோகோல் வந்து இறங்கிவிட்டது.

கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர்கள் கச்சான் நிலைத்த பிறகு, ஆனி மாதம் வாக்கில் ஊருக்கு வாருங்கள். நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், அது கட்டாயம். ஒரு வாரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. சாப்பாடு எங்கள் வீட்டில். மீன் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவும்.